திருமணிமுத்தாறு நிலத்தடி நீர் மாடல்: எஸ்.எஃப்.ஆர் (ஆற்றோட்டத்தைக் கணக்கிடும் பகுதி) சேர்த்ததும் ஆற்றுத் தண்ணீர் முதல் ரீச்சிலேயே (ஆற்றுத் துண்டிலேயே) காணாமல் போகிறது

அடிவாரம்_100மீ:
மாட்ஃப்ளோ 6 (நிலத்தடி நீர் ஓட்டத்தைக் கணக்கிடும் மென்பொருள்), ஃப்ளோபை (அதை இயக்கும் பைதான் தொகுப்பு) வழியாக. சேர்வராயன் அடிவாரத்திலிருந்து சேலம் டவுன் தாண்டி வரை, 100 மீட்டர் செல் (கட்டம்). அலகு மீட்டர், நாள். ஆறு அகலம் 6 மீ, சரிவு 0.003, மேனிங் எண் (படுகையின் சொரசொரப்பு) 0.04, படுகைத் தடிமன் 0.5 மீ, படுகையின் கே (நீர் ஊடுருவும் திறன்) நாளைக்கு 0.5 மீ. தலை ரீச்சில் நாளைக்கு 17,280 கன மீட்டர் விடுகிறேன். அத்தனையும் முதல் ரீச்சிலேயே இறங்கிவிடுகிறது. அந்தச் செல்லில் நீர்மட்டம் தரைக்கு மேல் நிற்கிறது. கே-யைப் பத்தில் ஒன்றாக்கினால் சில ரீச் தள்ளி வற்றுகிறது, அவ்வளவுதான்.

ஓடைக்கரை:
கே மேல் சந்தேகப்படாதீங்க. கே-யை பூஜ்யமாக்கி ஒரு முறை ஓட்டி, முதல் ரீச்சில் ஆழம் பாருங்க. உங்கள் வரத்து வினாடிக்கு 0.2 கன மீட்டர். ஓட்டத்திலிருந்து ஆழம் தரும் மேனிங் சூத்திரப்படி 11 செ.மீ.தான் வரணும்.

அடிவாரம்_100மீ:
98 மீட்டர் காட்டுகிறது!

ஓடைக்கரை:
டைம் கன்வெர்ஷன் (மாடலின் நேர அலகை வினாடியோடு பொருத்தும் எண்) கொடுக்கலை. மேனிங் சூத்திரம் வினாடிக் கணக்கு. அந்த எண் இல்லாவிட்டால் நாள் கணக்கை வினாடி என்றே எடுத்துக்கொள்ளும். ஒரு நாளின் வினாடிகளான 86,400-இன் 0.6 அடுக்கு சுமார் 916. ஆழம் அத்தனை மடங்கு ஏறிடும். ரீச் கண்டக்டன்ஸ் (ஒரு மீட்டர் மட்ட வித்தியாசத்துக்கு நாளைக்குக் கசியும் கன மீட்டர்) 0.5 × 100 × 6 ÷ 0.5 = 600. அதை 98 மீட்டரால் பெருக்கினால் வரத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல். அதான் முதல் செல்லே குடிச்சிடுது. டைம் கன்வெர்ஷன் 86400, லெங்த் கன்வெர்ஷன் 1 போடுங்க. பழைய வெர்ஷனில் யூனிட் கன்வெர்ஷன் என்று ஒன்றே இருக்கும், அதிலும் 86400.

அடிவாரம்_100மீ:
ஆழம் சரியாயிடுச்சு, நன்றி சார். கே-யைத் திரும்ப 0.5 ஆக்கினேன். இப்போது ஐந்து கிலோமீட்டர் சுமாரில் வற்றுகிறது. மேல்பக்கம் சில ரீச்சில் படுகை அடி, செல் அடிக்குக் கீழே என்று எரர்.

கிணற்றுமட்டம்:
வற்றுவது கணக்குப்படி சரிதான். நிலத்தடி மட்டம் படுகைக்குக் கீழே போய்விட்டால் கசிவுக்கான மட்ட வித்தியாசம் படுகை அடியோடு நின்றுவிடும். மட்டம் இன்னும் இறங்கினாலும் கசிவு அதிகமாகாது. ஆழம் 0.11, படுகைத் தடிமன் 0.5, மொத்தம் 0.61 மீட்டர். 600 × 0.61, ரீச்சுக்கு நாளைக்கு 366 கன மீட்டர். 47 ரீச்சில் தீரணும். ஓட்டம் குறையக் குறைய ஆழமும் குறைவதால் இன்னும் கொஞ்ச தூரம் போகும். இப்போதுதான் கே-யைத் தொடணும். ஆனால் ஊகித்து மாற்றாதீங்க. மழையில்லாத பிப்ரவரி, மார்ச்சில் இரண்டு இடத்தில் ஓட்டம் அளந்து, நடுவே சேரும் சாக்கடையையும் அளந்து கழித்தால் கசிவு கிடைக்கும். டவுனுக்குள் கோடையிலும் ஆறு ஓடுவது கழிவுநீரால். சாக்கடை சேரும் ரீச்சிலேயே அதை இன்ஃப்ளோவாகக் கொடுங்க, தலையில் மொத்தமாக ஊற்றாதீங்க.

எரருக்குக் காரணம், செல் உயரம் 100 மீட்டருக்குச் சராசரி, ஓடையோ அதற்குள் ஆழமாக வெட்டிப் போகிறது. மேலடுக்கும் அங்கே மெலிசு. ஆர்டிபி-யை (ரீச்சின் படுகை மேல்மட்டத்தை) உயர்த்திச் சமாளிக்காதீங்க, ஆறு மேட்டில் ஏறிடும். சார்னோகைட் (அங்குள்ள பாறை வகை) சிதைந்த மண்ணை அறுத்துக்கொண்டு ஓடை பாறைக்கே இறங்கிய இடம் என்றால், அந்த ரீச்சை விரிசல் பாறை அடுக்கின் செல்லோடு, அதாவது லேயர் 2-உடன் இணையுங்க. இல்லை என்றால் லேயர் 1 அடியை இறக்குங்க.

அடிவாரம்_100மீ:
எரர் வந்த ரீச்சுகளை லேயர் 2-இல் இணைத்தேன், ஓடுகிறது. கே அளவு எடுக்கும் வரை 0.5-லேயே விடுகிறேன்.