[கலைச்சொல்] ஓவர்ஃபிட்டிங்: வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

நிலாவெளி ரீச்சர்:
எல்லோருக்கும் வணக்கம். உயர்தரம் முடித்த பிள்ளைகளுக்கு ஐந்து நாள் வகுப்பு வைக்கிறோம். செயற்கை நுண்ணறிவைக் கொண்டு மழை, காற்று, கடல் வெப்பநிலைத் தரவுகளை ஆராயப் பழக்குவதுதான் நோக்கம். கைந்நூல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மற்றச் சொற்கள் ஓரளவு அமைந்துவிட்டன. எதிர்வுகூறல், தாழமுக்கம் எல்லாம் பாடப்புத்தகத்திலேயே இருக்கின்றன. மொடலுக்கு மாதிரியுரு, சாம்பிளுக்கு மாதிரி என்று பிரித்துக்கொண்டேன். ஓவர்ஃபிட்டிங்தான் இடிக்கிறது.

போன முறை நடந்ததைச் சொல்கிறேன். பிள்ளைகள் திருகோணமலையின் நாளாந்த மழைத் தரவை எடுத்து, நாளைக்கு மழை பெய்யுமா என்று சொல்லும் தீர்மான மரம் (கேள்விக்குக் கேள்வி கிளைபிரிந்து முடிவுக்கு வரும் மாதிரியுரு) ஒன்று செய்தார்கள். காற்றுத் திசை, அமுக்கம், ஈரப்பதன் ஆகியவற்றோடு திகதியையும் உள்ளே கொடுத்துவிட்டார்கள். மரம் கிளைவிட்டுக் கிளைவிட்டு ஒவ்வொரு நாளையும் தனித்தனியே பிடித்துவைத்துக்கொண்டது. பயிற்சித் தரவில் நூற்றுக்கு நூறு. ஒரே கைதட்டல். பிறகு அது பார்த்திராத ஒரு வருடத்தைக் கொடுத்தோம். மார்கழி என்றால் மழை, ஆடி என்றால் இல்லை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் என் அம்மாவிடம் தோற்றுப்போனது. இந்தக் கோளாறுக்குப் பெயர் சொல்லுங்கள்.

உவர்மலை:
மிகைப்பொருத்தம். எதிர்ப்பக்கம், அதாவது தரவில் உள்ள ஒழுங்கையே பிடிக்காமல் விடும் அண்டர்ஃபிட்டிங், குறைப்பொருத்தம். தமிழ்நாட்டிலும் இப்படி எழுதிப் பார்த்திருக்கிறேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது ரீச்சர்?

சீனன்குடா:
இருக்கிறது தம்பி. பத்துப் பொருத்தம் பார்க்கிற ஊரில் மிகைப்பொருத்தம் என்றால் பத்துக்குப் பதினொன்று என்றல்லவா நினைப்பார்கள்? உடனே நாள் குறித்துவிடுவார்கள். கோளாறுக்கு வைக்கிற பெயர் கோளாறு மாதிரி இருக்கவேண்டும்.

கொட்டியாரத்து மாஸ்டர்:
மகள், அவசரப்படவேண்டாம். முதலில் பகுதியைப் பார்ப்போம். பொருந்து தன்வினை, பொருத்து பிறவினை. மாதிரியுரு தானே போய்த் தரவில் பொருந்துகிறதா, அல்லது நாம் பிடித்துப் பொருத்துகிறோமா? தானே பொருந்தினால் மிகைப்பொருந்துகை. நாம் செய்தால் மிகைப்பொருத்துகை. ‘பொருத்தம்’ என்று சொல்லிவிட்டால் செய்தவன் யார் என்பதே மறைந்துபோகிறது. குற்றவாளி தப்பிவிடுகிறான். மிகை என்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பழைய வழக்கில் அதற்குக் குற்றம் என்றும் பொருள் உண்டு, ஆகவே சீனன்குடாவின் கவலை பாதி தீர்ந்தது. ஆனால் மிகு என்ற வினையடியை வைத்து மிகுபொருத்தம் என்றால் வினைத்தொகை, ஒற்று மிகாது, வாய்க்கும் இலகு.

இதையெல்லாம் விட நல்ல சொல் நம்மிடம் எண்ணூறு வருடமாகக் கிடக்கிறது. நன்னூல் பாயிரத்தில் பவணந்தியார் மாணாக்கரை மூன்று தரமாகப் பிரிக்கிறார். அன்னமும் பசுவும் தலை. மண்ணும் கிளியும் இடை. இல்லிக்குடம் (ஓட்டைக் குடம்), ஆடு, எருமை, நெய்யரி (நெய் வடிகட்டும் பன்னாடை) கடை. நெய்யரி என்ன செய்யும்? நெய்யை ஒழுகவிட்டுக் கசடைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ரீச்சரின் மரம் செய்ததும் அதுதானே! ஆகவே ‘நெய்யரிக் கற்றல்’ என்பது என் முன்மொழிவு.

உவர்மலை:
மாஸ்டர், உண்மையிலேயே மிரண்டுபோனேன். தரவில் உள்ள இரைச்சலை, அதாவது தற்செயலான ஏற்ற இறக்கங்களைப் பிடித்துக்கொண்டு, உள்ளே இருக்கும் ஒழுங்கைக் கோட்டைவிடுவதுதான் ஓவர்ஃபிட்டிங். இதைவிடத் துல்லியமாகச் சொல்ல முடியாது. ஆனால் நெய்யரி என்றால் என்ன என்று எந்தப் பிள்ளைக்குத் தெரியும்? பன்னாடை என்று விளக்கப்போனால் வகுப்பு அன்றோடு முடிந்தது. “உன் மொடல் ஒரு பன்னாடை” என்று பொடியன்கள் அடிபடுவார்கள்.

கொட்டியாரத்து மாஸ்டர்:
பன்னாடை வசையானது பனையின் குற்றம் அல்ல. ஒருகாலத்தில் கள் வடிக்கவும் அதைத்தான் பிடித்தார்கள். தெரியாத சொல்லைத் தெரியவைப்பதற்குத்தானே வகுப்பு? மானிப்பாயில் கிறீன் வைத்தியர் 19ஆம் நூற்றாண்டில் மேலை மருத்துவம் முழுவதையும் தமிழில் கற்பித்தபோது, மாணவனுக்குத் தெரிந்த சொல்லை மட்டும்தான் எழுதுவேன் என்று இருந்தாரா?

நிலாவெளி ரீச்சர்:
மாஸ்டர், வகுப்பில் நான் வாயால் சொல்வது வேறு. “மொடல் பாடமாக்கிப்போட்டுது” என்பேன். அவ்வளவுதான், அத்தனை பேருக்கும் விளங்கிவிடும். பத்து வருடப் பாஸ்ட் பேப்பரை விடையோடு பாடமாக்கிவிட்டு, புதுக் கேள்வி வந்ததும் முழிக்கிற பொடியனை அவர்களுக்குத் தெரியும். சிலருக்கு அது தாங்களேதான். பேசாமல் பாடமாக்கல் என்றே போட்டுவிடலாமா? குறைப்பொருத்தத்துக்குப் பாடமேறாமை.

கோவைத் தம்பி:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். பாடமாக்கல் என்றால் எங்கள் ஊரில் பாடத்திட்டத்தில் சேர்ப்பது போலத் தோன்றும். நாங்கள் மனப்பாடம் என்போம். அப்புறம், தாழமுக்கம் என்பது காற்றழுத்தத் தாழ்வுதானே? அதை ஊகிக்கவே எனக்கு இரண்டு நிமிடம் ஆனது. இரண்டு கரைக்கும் பொதுவாக ஒரு சொல் இருந்தால் நல்லது.

சீனன்குடா:
கடலுக்கு அந்தப் பக்கம் புயல், இந்தப் பக்கம் சூறாவளி. காற்று ஒன்றுதான். பொதுச்சொல் என்று தொடங்கினால் அமுக்கமா அழுத்தமா என்பதிலேயே வெள்ளிக்கிழமை போய்விடும்.

சொல்லோடு நிற்காமல் ஒரு விஷயம். சூறாவளி பற்றிய பாடத்தில் இந்தக் கோளாறைக் கட்டாயம் காட்டுங்கள் ரீச்சர். கிழக்குக் கரையில் ஏறியவற்றில் என் நினைவில் நிற்பவை 1964, 1978, 2000, பிறகு 2020இல் புரெவி, 2025இல் டித்வா. ஒரு கைவிரலுக்குள் அடங்கிவிடுகின்றன. ஐந்தை வைத்துக்கொண்டு ஒரு மாதிரியுருவுக்கு என்ன படிப்பிப்பது? பாடமாக்கத்தான் செய்யும். இன்னொன்று, மழைமானியைக் காலை 8.30க்குத்தான் வாசிப்போம். இரவு கொட்டிய மழை எந்தத் திகதியில் விழுகிறது என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். பாதிப் பேர் மாற்றிச் சொல்வார்கள். அந்தப் பிழையையும் மொடல் ஒழுங்கு என்று நினைத்துக்கொள்ளும்.

உவர்மலை:
ஐயா சொன்னது சரி. அதோடு இன்னொரு கண்ணி இருக்கிறது. நாட்களைச் சீட்டுக் குலுக்குவது போலக் கலக்கி, பாதியைப் பயிற்சிக்கும் மீதியைச் சோதனைக்கும் பிரிக்கக்கூடாது. நேற்றைய தாழமுக்கம் இன்றும் அங்கேதான் நிற்கும். விடைத்தாள் கசிந்த பரீட்சை மாதிரி ஆகிவிடும். முழு வருடங்களாகப் பிரிக்கவேண்டும். கூகுள் டீப்மைண்டின் வானிலை மாதிரியுருவான கிராஃப்காஸ்ட் போன்ற பெரியவற்றையே 1979 முதல் 2017 வரையான தரவில் பழக்கி, 2018இல்தான் சோதித்துப் பார்த்தார்கள்.

ஆனால் பாடமாக்கலை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். ஒன்பது புள்ளிகளுக்கு ஓர் எட்டாம் படிப் பல்லுறுப்பியைப் பொருத்துங்கள். எல்லாப் புள்ளிகளையும் தொட்டுக்கொண்டு, நடுவில் பாம்பு மாதிரி நெளியும். அங்கே யார் எதைப் பாடமாக்கினார்கள்? வளையி பொருத்தல் (புள்ளிகளுக்கு ஏற்ற வளைகோடு வரைதல்) என்று கணிதத்தில் படித்த பிள்ளைக்குப் பொருத்தம் என்ற வேர் கையில் இருந்தால்தான் அடுத்த சொல்லை ஊகிக்கும்.

கொட்டியாரத்து மாஸ்டர்:
இல்லிக்குடம் கசிவதையும் கவனித்தீர்களா? சோதனைத் தரவு பயிற்சிக்குள் புகுந்துவிடும் இந்தத் தரவுக் கசிவுக்கும் பவணந்தியாரிடமே சொல் இருக்கிறது.

உவர்மலை:
மாஸ்டர், குடம் உள்ளே இருப்பதை வெளியே விடும். இது வெளியே இருக்கவேண்டியது உள்ளே வருவது. தோணிதான் பொருந்தும்.

சீனன்குடா:
தோணி என்றதும் ஞாபகம் வருகிறது. என் பேரன் ஏதோ ஒரு உரையாடற் செயலியிடம் “திருகோணமலையில் கச்சான் எப்போது தொடங்கும்” என்று கேட்டான். எந்த மாதம் விதைக்கவேண்டும், எப்படி வறுக்கவேண்டும் என்று பக்கம் பக்கமாகச் சொன்னது. மலையைத் தாண்டிக் காய்ந்து வருகிற காற்றைப் பற்றி ஒரு வரி இல்லை. வாடை, சோளகம், கொண்டல், கச்சான் என்று நாலு காற்றையும் கைந்நூலில் போடுங்கள் ரீச்சர். இதற்குக் கலைச்சொல் தேடவேண்டியதில்லை.

கோவைத் தம்பி:
எனக்கும் கச்சான் என்றால் கடலை என்று இங்கேதான் தெரிந்தது. காற்று என்பது இன்னும் புதுச் செய்தி.

நிலாவெளி ரீச்சர்:
நாலு காற்றும் சேர்ந்துவிட்டன, நன்றி ஐயா. வியாழன் இரவு பத்து மணி. மிகைப்பொருத்தத்துக்கு உவர்மலை, கோவைத் தம்பி, அரை மனதோடு நான். சீனன்குடா ஐயா “எதையாவது போடுங்கள், மழை வருவதற்குள் வகுப்பை முடியுங்கள்” என்று தொலைபேசியில் சொன்னார். அதையும் ஆதரவாகவே எடுத்துக்கொள்கிறேன். அட்டவணையில் மிகைப்பொருத்தம், விளக்கத்தில் “தரவைப் பாடமாக்கிவிடுதல்”. நெய்யரியை ஒரு பெட்டிச் செய்தியாகப் படத்தோடு போடுகிறேன் மாஸ்டர். பன்னாடை என்ற சொல் வராது.

கொட்டியாரத்து மாஸ்டர்:
அச்சுப்படி பார்த்தேன். படம் நன்று, ஆனால் நெய்யரியில் பிடி இல்லை. 14ஆம் பக்கத்தில் மிகைப்பொருத்தம், 15இல் மிகைபொருத்தம், 22இல் மறுபடியும் ஒற்றில்லை. மிகை என்றால் ப் வேண்டும். ப் வேண்டாம் என்றால் மிகுபொருத்தம். நான் செவ்வாய்க்கிழமையே சொன்னேன்.