டி-பெல்ட் லைட் எரியவில்லை, பழைய ஹைலக்ஸுக்கு டைமிங் பெல்ட் மாற்ற வேண்டுமா?

கிளிநொச்சி_கமக்காரன்:
அண்ணைமார், என்னிடம் பழைய டொயோட்டா ஹைலக்ஸ் டபிள் கெப் ஒன்று இருக்கிறது. எல்என்106 மொடல், 3எல் என்ற வகை டீசல் எஞ்சின். போன வருடம்தான் வாங்கினேன். மீற்றரில் 2 லட்சத்து 60 ஆயிரம் நிற்கிறது, அது உண்மையான ஓட்டமோ தெரியாது. டைமிங் பெல்ட் மாற்றித்தான் இருக்கிறது என்று முந்தின சொந்தக்காரர் சொல்கிறார், ஆனால் பில்லும் இல்லை, எந்தக் கிலோமீற்றரில் மாற்றினார் என்று எங்கேயும் எழுதியும் வைக்கவில்லை. வண்டி ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆகிறது, புகை இல்லை, டைமிங் பெல்ட் மாற்றச் சொல்லி மீற்றர் பக்கம் எரிகிற டி-பெல்ட் லைட்டும் எரியவில்லை. கராஜில் ஒருவர் மேல் கவரைத் திறந்து பார்த்துவிட்டு பெல்ட் நல்லாத்தான் இருக்கு என்றார். அறுவடை வரப்போகிறது, நெல் மூட்டை ஏற்ற வேண்டும். 3 லட்சம் வரும்வரை ஓடலாமா, இல்லை இப்போதே மாற்றவா?

பரந்தன்_டீசல்:
தம்பி, எப்போது மாற்றியது என்று தெரியாத பெல்ட்டை மாற்ற வேண்டிய பெல்ட் என்றே கணக்கில் எடுங்கள். இந்த எஞ்சினுக்கு 1 லட்சம் கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அந்த லைட்டை நம்பாதீர்கள், அதற்கும் பெல்ட்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை, ஓடிய தூரத்தை எண்ணி 1 லட்சம் ஆனதும் எரியும், அவ்வளவுதான். பெல்ட் மாற்றாமலே யாராவது லைட்டை மட்டும் அணைத்து வைத்திருக்கலாம், பல்பைக் கழற்றியும் இருக்கலாம். சாவியை ஓனில் போட்டுப் பாருங்கள், மற்ற லைட்டுகளோடு அதுவும் ஒருமுறை எரிய வேண்டும். எரியாவிட்டால் பல்பு போயிருக்கும், அல்லது பல்பே இருக்காது.

கண்ணால் பார்த்து நல்ல பெல்ட் என்று சொல்லிவிடவும் முடியாது. வெடிப்போ ஓரம் நைந்த நூலோ தெரிந்தால் கெட்டது என்று உறுதியாகச் சொல்லலாம், ஒன்றும் தெரியாவிட்டால் நல்லது என்று அர்த்தமில்லை. ரப்பருக்குள் இருக்கும் இழை களைத்துப் போவது வெளியில் தெரியாது. வண்டி ஓடாமல் நின்றாலும் ரப்பர் இறுகும், அதனால் தூரம் குறைவு என்றாலும் ஐந்தாறு வருடத்துக்கு மேல் நான் விடமாட்டேன்.

அறுந்தால் என்ன நடக்கும் என்பதையும் சொல்கிறேன். 3எல் எஞ்சினின் கம்ப்ரஷன் விகிதம் கிட்டத்தட்ட 22க்கு 1, பிஸ்டன் மேலே வரும்போது வால்வுக்கு இடமே இருக்காது. ஓடும்போது பெல்ட் அறுந்தால் வால்வைத் திறந்து மூடுகிற கேம் தண்டு நின்றுவிடும், பிஸ்டனோடு சேர்ந்த கிராங்க் தண்டு சுற்றும், திறந்து நிற்கும் வால்வில் பிஸ்டன் அடிக்கும். வால்வு வளையும், சில வண்டியில் கேம் ஷாஃப்டே முறிந்துவிடும். ஹெட் கழற்றிச் செய்கிற செலவில் பல தடவை பெல்ட் மாற்றிவிடலாம்.

மன்னார்_லொறி:
பரந்தன் அண்ணை சொல்வது அத்தனையும் சரி. நான் சேர்ப்பது ஒன்றுதான், பெல்ட்டை மட்டும் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர் பேரிங், அதன் ஸ்பிரிங், முன்பக்க கிராங்க் சீல், கேம் சீல் எல்லாவற்றையும் சேர்த்து வாங்குங்கள். சீல் கசிந்து ஒயில் பட்டால் புது பெல்ட்டும் ஊறிப் பல் உரிந்துவிடும். டீசல் பம்பின் முன்னாலும் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள், அந்த பம்பையும் இதே பெல்ட்தான் சுற்றுகிறது. வாட்டர் பம்ப் இந்த எஞ்சினில் வெளியே ஃபேன் பெல்ட்டில் ஓடுவதால் கட்டாயம் மாற்ற வேண்டும் என்றில்லை, ஆனால் கையால் ஆட்டிப் பார்த்து ஆட்டம் இருந்தால் அதையும் முடித்துவிடுங்கள், எப்படியும் முன்பக்கம் எல்லாம் கழற்றித்தானே இருக்கும். வயலுக்குள் இறங்குகிற வண்டி என்றபடியால் இன்னொன்று: கீழ் கவர் உடைந்தோ போல்ட் இல்லாமலோ கிடந்தால் சேறும் குறுணிக் கல்லும் கிராங்க் புலியில் (பெல்ட் ஓடும் சக்கரத்தில்) ஏறும். கவரை விட்டுவிட்டுப் பூட்ட விடாதீர்கள்.

எல்200_வவுனியா:
இதை வாசிக்கிற மிற்சுபிசிக்காரருக்கும் ஒன்று சொல்லவேண்டும். 4டி56 எஞ்சினில் பெல்ட் இரண்டு. உள்ளே அதிர்வைக் குறைக்கிற பேலன்சர் ஷாஃப்டுக்கு ஒரு சின்ன பெல்ட் இருக்கிறது, காசு மிச்சம் பிடிக்கப் பலர் அதை மாற்றாமல் விடுகிறார்கள். அது அறுந்து பெரிய பெல்ட்டுக்குள் சிக்கினால் அதுவும் போய்விடும். இரண்டையும் ஒன்றாகவே மாற்றுங்கள்.

கிளிநொச்சி_கமக்காரன்:
நன்றி அண்ணைமார். சாவி ஓனில் அந்த லைட் எரியவே இல்லை, மற்றதெல்லாம் எரிகிறது. கீழே கை விட்டுப் பார்த்தேன், கிராங்க் புலிக்குப் பின்னால் ஒயில் பிசுக்கில் புழுதி ஒட்டிக் கட்டியாக இருக்கிறது. அறுவடை முடியும்வரை தாங்குமா?

பரந்தன்_டீசல்:
தாங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது தம்பி, அந்தப் பிசுக்கு கிராங்க் சீல் கசிகிறது என்பதற்கான அடையாளம். மூட்டை ஏற்றுவதற்கு முன்பே செய்யுங்கள், சாமான் கையில் இருந்தால் ஒரு நாள் வேலைதான். பூட்டியதும் பக்கத்தில் நின்று கவனியுங்கள்: கிராங்க், கேம், பம்ப் மூன்றின் அடையாளமும் நேராக நிற்க வேண்டும். அப்புறம் ஸ்டார்ட் பண்ணாமல் ஸ்பேனர் போட்டுக் கையால் கிராங்க்கை இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, திரும்பவும் அடையாளம் பார்க்கச் சொல்லுங்கள். எங்கேயாவது இறுகிப் பிடித்தால் பலமாகத் தள்ளக்கூடாது, கழற்றித் திரும்பப் பூட்ட வேண்டும். பம்ப் பக்கம் ஒரு பல் தள்ளிப் பூட்டினாலும் வண்டி ஓடும், ஆனால் காலையில் ஸ்டார்ட் ஆகத் தொல்லை கொடுக்கும், புகைக்கும், அல்லது எஞ்சின் தட்டும். எல்லாம் முடிந்ததும் திகதியும் கிலோமீற்றரும் பெயின்ற் பேனாவால் கவரிலேயே எழுதி விடுங்கள். லைட்டுக்கும் புது பல்பு ஒன்று போடுங்கள்.