பக்கவாதத்தில் இறுகிப்போன கை: ஷாக் வேவ் எடுத்தவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

முக்கூடலிலிருந்து:
அம்மா நாற்பது வருஷம் பீடி சுற்றியவர். பக்கவாதம் வந்து நாலைந்து மாதத்தில், இலையைப் பிடித்த அந்த இடது கை அப்படியே மூடிக்கொண்டது. கட்டைவிரல் உள்ளே, மற்ற நான்கும் அதன்மேல். நகம் பதிந்து உள்ளங்கையில் புண். கொட்டாவி விட்டால்கூட முழங்கை தானாக மடங்கி நெஞ்சுக்கு ஏறும்.

பாளையங்கோட்டையில் ஷாக் வேவ் கொடுக்கலாம் என்றதுமே அம்மா பயந்துவிட்டார். "ஏட்டி, கரண்டு வைக்கப் போறாவளா?" கரண்ட் இல்லை, அழுத்த அலை, 1980ல் ஜெர்மனியில் சிறுநீரகக் கல்லை உடைக்க ஆரம்பித்த அதே முறைதான், தசைக்கு ரொம்பக் குறைந்த சக்தியில் வைப்போம் என்று பிசியோதெரபி தம்பி பொறுமையாகச் சொன்னார். முன்கையின் உள்பக்கச் சதையில் ஜெல் தடவி, கைப்பிடிக் கருவியை வைத்து 1500 முறை அலை அடித்தார். தையல் மிஷின் ஓடுகிற சத்தம். ஐந்தாறு நிமிஷம்தான்.

முடிந்ததும் நானே விரலைப் பிரித்தேன். சுண்டுவிரல் முதலில் வந்தது, கட்டைவிரல் கடைசியில். உள்ளங்கை வெளுத்து, ஊறின தோலாக இருந்தது. ஈரத்துணியால் துடைத்து நகம் வெட்டினேன். அம்மா அழுதார், நானும்தான்.

ஆனால் இது கைக்குப் பலம் தராது, இறுக்கத்தைத்தான் தளர்த்தும். அம்மாவால் இன்னும் தானாக விரலை விரிக்க முடியவில்லை. முன்பு வேறோர் இடத்தில் "பத்து சிட்டிங்கில் பழைய கை வந்துவிடும்" என்றார்கள், நகையை அடகு வைத்துப் பணம் கட்டினோம். யார் அப்படிச் சொன்னாலும் நம்பாதீர்கள். தளர்ந்திருக்கும் நாட்களில் தினமும் விரலை நீட்டிவிட வேண்டும், ராத்திரி விரலை விரித்தபடி பிடித்து வைக்கும் ஸ்ப்ளிண்ட் கட்ட வேண்டும். கோயில் கொடைத் திருவிழா சமயத்தில் பத்து நாள் விட்டோம், மறுபடி இறுகிவிட்டது.

கல்லிடைக்குறிச்சியிலிருந்து:
அக்கா, அப்பாவுக்கும் எடுத்தோம். ரத்தம் உறையாமலிருக்க அவர் சாப்பிடும் மாத்திரையைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டோம். மறுநாள் முன்கை முழுக்க ஊதாவாகக் கன்றிப்போனது. டாக்டர் சத்தம் போட்டார். பக்கவாதம் வந்தவர்களில் நிறையப் பேர் இந்த மாதிரி மாத்திரை எடுப்பவர்கள்தான். மருந்துச் சீட்டைக் காட்டிவிட்டு அப்புறம் கையை நீட்டச் சொல்லுங்கள். இறுக்கத்தைத் தளர்த்த தசையில் போடும் போடாக்ஸ் ஊசி போட்டீர்களா?

முக்கூடலிலிருந்து:
இல்லை தம்பி. அது மூன்று மாதம் போல நிற்கும் என்றார்கள், விலை எங்களுக்கு எட்டவில்லை. மார்கழிக் குளிரில் அப்பா கை கூடுதலாக இறுகுமே, என்ன செய்கிறீர்கள்? நான் வெதுவெதுப்பான தண்ணீரில் கையை வைத்துவிட்டுத்தான் நீட்டுகிறேன். உணர்ச்சி குறைந்த கை, அதனால் சூட்டை என் கையில் பார்த்துக்கொள்வேன்.

நேற்று அம்மா பீடி சுற்றும் சுளவை, அந்த முறத்தைக் கேட்டார். மடியில் வைத்து, இடது கையை விரித்து அதன் விளிம்பில் வைத்தேன். சுளவு நழுவவில்லை. வலது கையால் இலையைத் தடவிக்கொண்டே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார்.