பின் டிஸ்க் பிரேக் பேடு: வீட்டு வாசலில் வைத்தே மாற்றலாமா?

லாரா_கோவை:
வண்டி 2011 ஸ்கோடா லாரா. பின் பேடு தேஞ்சு 2 மில்லிமீட்டருக்கு வந்துடுச்சு. ஒர்க்‌ஷாப்ல கேட்ட கூலி பேடு விலையவிட ஜாஸ்தி. முன் பேடு ரெண்டு தடவை நானே மாத்தினேன். சி கிளாம்ப் (திருகி இறுக்குற கவ்வி) போட்டு, பேடை அழுத்துற பிஸ்டனை உள்ள தள்ளினா முடிஞ்சது. பின்னாடியும் அதேதானே?

பட்டறை_அண்ணன்:
அதே இல்ல தம்பி. உங்க வண்டில ஹேண்ட் பிரேக் மெக்கானிசம் பின் காலிப்பருக்குள்ளயே (பிஸ்டனும் பேடும் உக்கார்ற கவ்வி) இருக்கு. பிஸ்டன் மரை மேல உக்காந்திருக்கு, அழுத்திக்கிட்டே வலப்பக்கமா திருகணும். கிளாம்ப் போட்டு நெரிச்சா உள்ள இருக்கிற அட்ஜஸ்டர் போயிடும், அப்புறம் காலிப்பரே புதுசு வாங்கணும். பட்டறைக்கே போங்க.

ஸ்பானர்_சாமி:
அண்ணே, அதுக்குத்தான் திருகுற டூல் செட்டாவே கிடைக்குதே. ஒரு தடவை வாங்கினா ஆயுசுக்கும் வரும். இத காட்டி பயமுறுத்தினா எப்படி?

பட்டறை_அண்ணன்:
டூல் இருந்தா போதுமா? போன மாசம் ஒருத்தர் எல்லாத்தையும் சரியா மாட்டிட்டு, பெடலை நாலு தடவை மிதிச்சு பிஸ்டனை வெளிய வர வைக்காமலே ரிவர்ஸ் எடுத்தார். முதல் மிதி நேரா தரைக்குப் போச்சு. கேட் வளைஞ்சது, நல்லவேளை பின்னாடி குழந்தைங்க யாரும் இல்ல. எங்ககிட்ட வந்தா வேலை முடிஞ்சதும் இன்னொருத்தர் ஓட்டிப் பார்ப்பார். வீட்டுல யார் பார்ப்பா?

ஸ்பானர்_சாமி:
இன்னொருத்தர் பார்ப்பாராம்! காசு குடுத்து ஒரு இடத்துல மாத்தின என் வண்டிய 8,000 கிலோமீட்டர் கழிச்சு கழட்டினேன். உள் பேடு இரும்பு வரைக்கும் தேஞ்சிருக்கு, வெளி பேடு பாதிக்கு மேல அப்படியே. காலிப்பர் வழுக்கி நகர்ற ஸ்லைடு பின் வறண்டு இறுகி, காலிப்பர் நகரவே இல்ல. சிலிக்கான் கிரீஸ் ஒரு துளி வைக்க யாருக்கும் நேரமில்ல. நம்ம வண்டிக்கு நாமதான் அந்த அஞ்சு நிமிஷம் செலவழிப்போம்.

பட்டறை_அண்ணன்:
அது நடக்குது, மறுக்கல. அவசரத்துல பசங்க அந்த பின்னை உருவிப் பார்க்கிறதே இல்ல. சரி தம்பி, செய்றதா இருந்தா கேளுங்க. ஹேண்ட் பிரேக் இறக்கியிருக்கணும், அதனால முன் சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கட்டை. ஜாக்கிய மட்டும் நம்பாம ஸ்டாண்டு போடுங்க. காலிப்பரை பிரேக் ஆயில் ஹோஸ்ல தொங்க விடாம கம்பியால கட்டுங்க. பிஸ்டன் உள்ள போகும்போது மேல டாங்கில பிரேக் ஆயில் ஏறும், வழிஞ்சா பெயிண்டை அரிச்சிடும்.

இசட்_எக்ஸ்_பிரியா:
எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் வண்டிக்கு?

ஸ்பானர்_சாமி:
அதுல மோட்டார் இருக்கு மேடம். முதல்ல சர்வீஸ் மோடுக்குக் (மோட்டார் பிரேக்கை விடுவிச்சு வைக்கிற நிலை) கொண்டு போகணும், நிறைய வண்டிக்கு அதுக்கு வண்டி கம்ப்யூட்டரோட பேசுற ஸ்கேனர் வேணும். அது இல்லாம கைய வைக்காதீங்க. இந்த விஷயத்துல நானும் அண்ணன் கட்சி.

லாரா_கோவை:
டூல் ஆர்டர் போட்டாச்சு. ஞாயிற்றுக்கிழமை வேலை. வீல் போல்ட்டை சரியான அளவுக்கு இறுக்க டார்க் ரென்ச் இருக்கு, 120 நியூட்டன் மீட்டர்.

பட்டறை_அண்ணன்:
டிஸ்க் கனம் அளந்தீங்களா? குறைஞ்சபட்சம் எவ்வளவுன்னு டிஸ்க்லயே அடிச்சிருக்கும். அதுக்குக் கீழ போயிருந்தா பேடு மட்டும் மாத்தி பிரயோஜனம் இல்ல.

லாரா_கோவை:
எழுத்து மேல துரு மூடியிருக்குண்ணே. சுரண்டிப் பார்த்துட்டு வரேன்.