எங்கள் ஊரில் தாத்தா இரட்டைமலை சீனிவாசனுக்கு நினைவுச் சின்னம்: சிலைதான் வைக்க வேண்டுமா?

ஏரிக்கரையான்:
வணக்கம். எங்கள் கிராமம் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கிறது. ஒடுக்கப்பட்ட மக்களின் உரிமைக்காகப் போராடிய தலைவர் இரட்டைமலை சீனிவாசனைத்தான் 'தாத்தா' என்கிறோம்; அவர் பிறந்த கோழியாளமும் இதே மாவட்டம்தான். ஆனாலும் எங்கள் பள்ளிப் பிள்ளைகளிடம் அவர் பெயரைச் சொன்னால் விழிக்கிறார்கள். கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் மணிமண்டபம் இருக்கிறது, ஓட்டேரியில் அவரை அடக்கம் செய்த உரிமைக்களம் இருக்கிறது. இரண்டும் சென்னையில். அவர் யாருக்காகப் பேசினாரோ அவர்கள் தெருவில் ஒன்றுமே இல்லை.

காலனி இளைஞர்கள் சேர்ந்து மார்பளவுச் சிலைக்குப் பணம் திரட்ட ஆரம்பித்திருக்கிறோம். பேருந்து நிறுத்தத்தை ஒட்டி வைக்கலாம் என்பது எங்கள் எண்ணம். பெரியவர்கள்தான் தயங்குகிறார்கள். "வம்பு வரும், அப்புறம் கூண்டு போட்டுவிடுவார்கள்" என்கிறார்கள். கம்பிக் கூண்டுக்குள் நிற்கும் அம்பேத்கர் சிலைகளைப் பார்த்தே வளர்ந்தவன் நான். தாத்தாவையும் அப்படி நிறுத்த மனம் வரவில்லை. இதில் அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

கருப்பு அங்கி:
தோழர், பேருந்து நிறுத்தத்தை மறந்துவிடுங்கள். பொதுச் சாலை, நடைபாதை, மக்கள் பயன்படுத்தும் பொது இடம் எதிலும் சிலையோ கட்டுமானமோ வைக்க அனுமதி தரக் கூடாது என்று 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மாநில அரசுகளுக்கு உத்தரவிட்டது. அனுமதி இல்லாமல் இரவோடு இரவாக வைத்தால் வழக்கு உங்கள் பையன்கள் மேல்தான் பாயும். ஊராட்சிக் கட்டடத்துக்கு உள்ளே என்றால் கிராமசபையில் தீர்மானம் போட்டு, ஆட்சியருக்கு மனு கொடுத்து, எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

பழைய வாத்தியார்:
தம்பி, நான் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன். என் கருத்து இது: தாத்தாவின் முகத்தை விட அவர் வாங்கிக் கொடுத்த உரிமையை ஊருக்குக் காட்டுங்கள்.

1924 ஆகஸ்டில் சென்னை சட்டமன்றத்தில் அவர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். எந்த ஊரிலும் எந்தப் பொதுத் தெருவிலும் எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் நடக்கலாம். பொதுக் கிணறு, குளம், அலுவலகம் எல்லாமே மற்றவர்களுக்கு எப்படியோ அப்படியே ஒடுக்கப்பட்டவர்களுக்கும் என்பது அதன் சாரம். அரசு ஏற்று ஆணையாகவும் வெளியிட்டது. அதற்கு எத்தனையோ ஆண்டுகள் கழித்தும், என் அம்மா ஊர்த்தெருவைக் கடக்கும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார். ஆணை காகிதத்தில் இருந்தது, தெருவில் ஒருவரும் படித்துக் காட்டவில்லை. அந்த ஆணையை முழுசாகத் தமிழில் கருங்கல்லில் வெட்டி வையுங்கள். நூலகம் இருந்தால் அதன் வெளிச்சுவரில், வாசலில் நுழையும்போதே கண்ணில் படும்படி பதிக்கலாம். எழுத்து ஓர் அங்குலத்துக்குக் குறையக் கூடாது, ஆழமாக வெட்டச் சொல்லுங்கள். மேலே பூசும் பொன் வண்ணம் வெயிலில் உரிந்துபோகும். எழுத்தில் ஆழம் இருந்தால் வண்ணம் போனாலும் படிக்கலாம். நன்கொடை கொடுத்தவர்கள் பட்டியல் அந்தக் கல்லில் வேண்டவே வேண்டாம்.

பிள்ளைகளுக்கும் ஒன்று செய்யலாம். வெள்ளையர் ஆட்சியில் உயர் அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்க இங்கிலாந்தில் நடந்த ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்தினால் அதிகாரம் மேல்சாதியார் கைக்கே போய்விடும் என்று 1893-இல் அவர் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு ஒரு மனு அனுப்பினார். 112 அடி நீளம், 3,412 பேர் கையெழுத்து. தாத்தா பிறந்தநாளான ஜூலை 7 அன்று அதே நீளத்துக்குக் காகிதத்தைத் தெருவில் விரித்து, பிள்ளைகளைக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். அப்புறம் அவர் யார் என்று கேட்டால் விழிக்க மாட்டார்கள்.

பறைமேளம்:
வாத்தியார் ஐயா சொல்வதை மதிக்கிறேன். ஆனால் முகமும் வேண்டும் ஐயா. மற்ற தலைவர்களுக்கெல்லாம் சிலை இருக்கும்போது எங்களுக்கு மட்டும் கல்வெட்டு போதும் என்றால் எப்படி? சாதிப் பெயரைச் சொல்லவே கூசிய காலத்தில் 'பறையன்' என்றே பத்திரிகைக்குப் பெயர் வைத்தவர் அவர். கோட்டும் தலைப்பாகையுமாக அவர் நிற்கும் படத்தைப் பார்த்தாலே நம் பிள்ளைகள் நிமிர்ந்து நடப்பார்கள். கல்லின் மேல்பகுதியில் அந்த முகத்தைப் புடைப்பாகச் செதுக்கிவிடுங்கள்.

ஏரிக்கரையான்:
எல்லோருக்கும் நன்றி. வாத்தியார் ஐயா, உங்கள் பதிலை நேற்று இரவு பையன்களுக்குப் படித்துக் காட்டினேன். ஊர்த்தெருவில் இருப்பவர்களும் அந்தக் கல்லைப் படிக்க வேண்டும், அதனால் நூலகச் சுவர்தான் சரி என்று அவர்களே சொன்னார்கள். மேலே முகம், கீழே ஆணை. அக்டோபர் 2 கிராமசபையில் மனுவை வைக்கிறோம். தோழர் கருப்பு அங்கி, மனுவின் வரைவை எழுதி இங்கேயே போடுகிறேன், திருத்திக் கொடுங்கள். அந்த ஆணையின் முழு வாசகம் யாரிடமாவது இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள். கல்லில் ஒரு சொல்கூடப் பிசகக் கூடாது.