வெள்ளத்தில் நின்ற நார் ஆலை: கொடுத்த கூலிக்கு வரிச் சலுகை உண்டா?

கேள்வி (பேராவூரணி)
வணக்கம். பன்னிரண்டு பேர் வேலை செய்யும் தென்னை நார் ஆலை வைத்திருக்கிறேன். ஐப்பசி அடைமழையில் இடுப்பளவு தண்ணீர் ஏறி, மோட்டார்கள் பழுதாகி, காயவைத்து அடுக்கியிருந்த நார் முழுவதும் கறுத்துவிட்டது. பத்தொன்பது நாள் ஓட்டமில்லை. 2018 கஜா புயலுக்குப் பின் வெளியூர் போன ஆட்கள் பலர் திரும்பவில்லை என்பதால், இம்முறை எல்லோருக்கும் பாதிக் கூலி கொடுத்து வந்தேன். அமெரிக்காவில் 2017 சூறாவளிகளுக்குப் பிறகு, தொழில் முடங்கியும் ஆட்களைச் சம்பளத்தோடு வைத்திருந்த முதலாளிகளுக்கு, ஆளுக்கு 6,000 டாலர் வரையிலான சம்பளத்தில் 40 விழுக்காடு, அதாவது 2,400 டாலர் வரை, வரியில் கழித்தார்கள் என்கிறார் அங்கிருக்கும் மைத்துனர். இங்கும் உண்டா?

பதில் (கும்பகோணம்)
ஐயா, பேரிடருக்கென்று ஆள் கணக்கில் வரியையே கழிக்கும் ஏற்பாடு நம் வருமான வரிச் சட்டத்தில் இல்லை. ஆனால் தொழிலை மூடாமல் தற்காலிகமாக நிறுத்திய நாள்களுக்கான கூலி, வழக்கமான செலவாகவே லாபத்தில் கழியும். கூலிப் பதிவேட்டில் கையொப்பம் இருக்கட்டும். கெட்ட நார் சரக்கு நட்டம். அதை உரத்துக்கு விற்றாலோ காப்பீடு வந்தாலோ அந்தத் தொகை வரவு. மோட்டார்களை அப்படி நட்டமாக எழுத முடியாது. அவை தேய்மானக் கணக்கில்தான் வரும். ஆண்டு முடிவில் நட்டம் மிஞ்சினால் எட்டு ஆண்டுகள் முன்கொண்டு சென்று பின்வரும் லாபத்தில் கழிக்கலாம், ஆனால் கெடு தேதிக்குள் கணக்குத் தாக்கல் செய்திருக்க வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

கேட்டவர்
நன்றி ஐயா. நனைந்து வீணான பிளாஸ்டிக் உறைகளுக்கும் கட்டுக் கம்பிக்கும் வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியை, உள்ளீட்டு வரி என்று முன்பே என் வரியில் கழித்துவிட்டேன். பாதகமில்லையா?

பதில் (திருவாரூர்)
பாதகம்தான். அழிந்த சரக்குக்கு உள்ளீட்டு வரிக் கழிவு கிடையாது என்கிறது ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5)(எச்) பிரிவு. வெள்ளம் கொண்டுபோனதற்கு மேல் வரியையும் திருப்பிக் கட்டச் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆயினும் நீங்களே ஜிஎஸ்டி கணக்குத் தாக்கலுக்கான 3பி படிவத்தில் அதைத் திருப்பிவிட்டால் பிறகு வட்டி ஏறாது. கஜாவின்போது தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் உள்ளிட்ட 11 மாவட்டங்களுக்கு அக்டோபர் மாத 3பி-யின் கெடுவை 2018 டிசம்பர் 20 வரை நீட்டித்தார்கள். அத்தகைய அறிவிப்பு வராதவரை வழக்கமான தேதியே. கிராம நிர்வாக அலுவலரின் சான்று, காப்பீட்டு ஆய்வாளரின் அறிக்கை, தேதியோடு கூடிய படங்கள் மூன்றையும் சேர்த்து வையுங்கள்.

கேட்டவர்
தண்ணீர் நின்ற கோடு சுவரில் இன்னும் தெரிகிறது. நாளை வெள்ளையடிக்க ஆள் சொல்லியிருந்தேன். படம் எடுக்கும்வரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.