1990க்கு முந்தைய ஸ்காண்டிநேவியக் கால்பந்து வீரர்களுள் முதலிடம் யாருக்கு?

சாட்ஸ்வர்த் வாசகர், டர்பன்:
எனக்கும் என் மாமாவுக்கும் இது தீராத வழக்கு. 1977இல் ஐரோப்பாவின் சிறந்த வீரருக்கான தங்கப் பந்து விருதை வென்ற டென்மார்க்கின் ஆலன் சிமொன்சனே சிறந்தவர் என்கிறேன் நான். அவரோ சுவீடனின் குன்னார் நூர்டாலை விட்டுக்கொடுப்பதாக இல்லை. உங்கள் கருத்து என்ன?

பீனிக்ஸ் ரசிகர்:
மாமாவின் பக்கமே நியாயம் இருக்கிறது, தம்பி. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றபின் மிலான் அணிக்குச் சென்ற நூர்டால், இத்தாலிய லீக்கில் 5 பருவங்களில் மிக அதிக கோல் அடித்தவராக விளங்கினார். வெளிநாட்டில் பணத்துக்கு ஆடுவோரை சுவீடன் சங்கம் அப்போது தேசிய அணியில் சேர்க்காததால், அவர் 1950 உலகக் கோப்பையில் ஆடவே இல்லை. அவரில்லாமலே சுவீடன் மூன்றாமிடம் பிடித்தது வேறு கதை.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்:
சுவீடனின் நில்ஸ் லீட்ஹோல்மை இருவருமே மறந்துவிட்டீர்கள். 1958 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் 35 வயதில் அணித்தலைவராக இறங்கிய அவர், 4ஆம் நிமிடத்திலேயே பெனால்ட்டி பகுதிக்குள் பிரேசில் தடுப்பாட்டக்காரர்களை ஏமாற்றித் தாழ்வாக அடித்த கோலுக்கு ஈடாக எதைச் சொல்வீர்கள்? ஆட்டம் 5-2 என்று கைநழுவியது உண்மைதான்.

டோங்காட் ரசிகர்:
என் ஓட்டு டென்மார்க்கின் பிரெபென் எல்கியருக்கு. 1984 அக்டோபரில் இத்தாலியின் வெரோனா அணிக்காக யுவென்டசுக்கு எதிராக ஆடியபோது, ஒரு காலணி கழன்று விழுந்த பின்னும் ஓடி, வெறும் காலுறையுடன் கோல் அடித்தார். அந்தப் பருவத்தில் வெரோனா இத்தாலிய லீக் பட்டத்தையே வென்றது.

சாட்ஸ்வர்த் வாசகர்:
அருமை, ஆனால் ஐரோப்பாவின் அன்றைய மூன்று கிளப் கோப்பைகளின் இறுதியாட்டங்களிலும் கோல் அடித்தவர் சிமொன்சன். அதற்கு மாமாவிடம் இன்னும் பதில் இல்லை.